தனியாகக் கேட்டது

ரத்தினவேலுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனது மலைக்கோயில் தேர் முடிந்த வாரத்தில். காலை ஷிப்டுக்குக் கிளம்பியவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். டிபன் கேரியரை மூடிக் கொண்டுவந்த பவளம் அவர் விரல்களைப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைப் பிடிக்கின்றன. ஓட்டைக்குள் தள்ளும் நேரத்தில் அது நழுவிவிடுகிறது.

“என்னங்க, கம்பெனி பஸ் போயிரப்போவுது.”

“குளிருல விரல் மரத்துப்போச்சு.”

பங்குனி மாதம். ஓசூராகவே இருந்தாலும் விரல் மரக்கிற குளிர் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே பொத்தான்களைப் போட்டுவிட்டாள். “மாப்பிள்ளைக்கு அலங்காரம் முடிஞ்சது, கிளம்புங்க” என்றாள். அவரும் சிரித்தார். கட்டைவிரலை ஒட்டிய சதை குழி விழுந்திருந்ததை அன்று இருவருமே கவனிக்கவில்லை.

எண்பத்து நான்காம் வருடம் அது. ரத்தினவேல் அருப்புக்கோட்டைப் பக்கம். ஐடிஐ முடித்துவிட்டு, சிப்காட்டில் கம்பெனிகள் வரத்தொடங்கிய காலத்தில் லேத் ஓட்ட வந்தவர். பவளம் கல்யாணமாகி நேராக ஓசூர் வந்து இறங்கினாள். மலையடிவாரத்தில் ஒரு லைன் வீடு. குழந்தை இல்லை. பக்கத்து வீட்டு முனிலட்சுமி உள்ளூர்க்காரி, வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், பவளத்திடம் தமிழ். வந்த புதிதில் பவளத்துக்கு இந்த ஊரில் எந்தப் பேச்சும் புரியாமல் இருந்தபோது கையைப் பிடித்துச் சந்தைக்குக் கூட்டிப்போனவள் அவள்தான்.

பொத்தானுக்குப் பிறகு சாவி. சாவிக்குப் பிறகு சோற்றுப் பருக்கை. அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் ரத்தினவேல் மிஷின் பக்கத்திலேயே கால் மடங்கி விழுந்தார். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, இது இங்கே பார்க்கிற விஷயம் இல்லை என்று பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார். பவளத்தோடு ஆஞ்சப்பனும் கூட வந்தான். ரத்தினவேலோடு ஒரே ஷிப்டில் வெல்டிங் செய்பவன். தொரப்பள்ளிக்காரன். கன்னடம் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் தசைக்குள் ஊசி குத்தி, வயர் மாட்டி, என்னென்னவோ பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் ஆஞ்சப்பனை மட்டும் உட்காரவைத்துக் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். வெளியே வந்த ஆஞ்சப்பன் பஸ் ஏறிய பிறகும் வாயே திறக்கவில்லை. அத்திப்பள்ளி தாண்டியதும் ரத்தினவேல் கேட்டார்.

“சொல்லுப்பா. ஊருக்குள்ள போய்ச் சொல்றத இங்கயே சொல்லிரு.”

“மருந்து இல்லையாம்ணா.” ஆஞ்சப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். “நரம்பு ஒவ்வொண்ணாச் செத்துட்டே வருதாம். கை, காலு, அப்புறம் பேச்சு, முழுங்கறது. கடைசில மூச்சு. புத்திக்கு மட்டும் ஒண்ணும் ஆகாதாம்ணா. அது அப்படியே இருக்குமாம்.”

“அத மட்டும் எதுக்கு மிச்சம் வைக்கணும்?” என்றார் ரத்தினவேல்.

பவளம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டு வந்தபிறகுதான் அவர் மறுபடி பேசினார். தூரத்தில் மலைமேல் கோயில் கோபுரம் தெரிந்தது. “சரி, டாக்டர் வேலை முடிஞ்சிருச்சு. இனிமே மேல இருக்கிறவரு பாத்துக்கட்டும்” என்றார். அதைச் சலிப்பாகச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று பவளத்துக்கு அப்போது தெரியவில்லை. நம்பித்தான் சொன்னார் என்று போகப்போகத் தெரிந்தது.

திங்கட்கிழமைதோறும் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போவதென்று வைத்துக்கொண்டார்கள். முதலில் இருவரும் ஏறினார்கள். பிறகு அவர் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டார், அவள் ஏறினாள். பிறகு அவர் வீட்டோடு தங்கிவிட்டார். அவள் கொண்டுவரும் திருநீற்றை அவள் கையால் நெற்றியிலும் கையிலும் காலிலும் பூசிக்கொள்வார். மாலையில் விளக்கேற்றி அவருக்குத் தெரிகிற மாதிரி பாயை நகர்த்திப் போடுவாள். சுடரைப் பார்த்தபடி உதடு அசைய ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். முடிந்ததும் முகம் தெளிந்திருக்கும். அந்த நேரம் இல்லையென்றால் அவளால் மறுநாள் எழுந்திருக்கவே முடிந்திராது.

“இன்னிக்கு என்ன கேட்ட?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

“உங்க கையும் காலும் பழையபடி வரணும்னு.”

“கைய மட்டும் கேளு. காலும் சேத்துக் கேட்டா பேராசைன்னு நெனச்சிரப்போறாரு.”

குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். முனிலட்சுமி தன் குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு வைத்தாள். ரத்தினவேல் எதையும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் ஏதாவது செய்யவேண்டும் போலிருக்கிறது, செய்துவிட்டுப் போகட்டும் என்பார்.

கம்பெனியில் கணக்கை முடித்து அனுப்பினார்கள். பவளம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். ரத்தினவேல் கட்டிலோடு ஆனார். பேச்சு குழறத் தொடங்கி, வார்த்தைகளின் ஓரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் அவர் பேசுவது அவள் ஒருத்திக்கு மட்டுமே புரிகிற பேச்சாக ஆனது. மற்றவர்களுக்கு அது வெறும் முனகல். யாராவது பார்க்க வந்தால் அவள் பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்வாள். “உங்க பையன் பாஸ் பண்ணிட்டானான்னு கேக்குறாரு.” “காப்பி குடிச்சிட்டுப் போகச் சொல்றாரு.” அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அதே பேச்சை வைத்து அவள் முதல் தப்பைச் செய்தாள். ஒருநாள் உடம்பு துடைக்கும்போது அவர் “மெதுவா” என்றார். அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. முதுகு வலி, தூக்கமில்லை, தைக்கக் கொடுத்த துணி அப்படியே கிடக்கிறது. புரியாதவள் போலத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் மறுபடி சொன்னார். “என்ன சொல்றீங்கன்னே வெளங்கல” என்றாள். அவர் பேசாமல் இருந்துவிட்டார். அன்றைக்கு அவள் சமையலறையில் நின்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். ஆனால் அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தடவை அவளுக்கு விளங்காமல் போனது.

நோய் முற்றியபோது புதிதாக ஒன்று வந்தது. காரணமில்லாமல் அழுகை வரும், காரணமில்லாமல் சிரிப்பு வரும், இரண்டையும் அவரால் நிறுத்த முடியாது. நரம்புதான் அப்படிச் செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் என்ன? அவர் அழுகிறபோது அவள் தையலை விட்டு எழுந்துபோய் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கார்த்திகை மாதத்து ஒரு ஞாயிறு முழுக்க அவர் அழுதார். மறுநாள் தூறலில் அவள் மலை ஏறினாள்.

கார்த்திகைச் சோமவாரம். சன்னதியில் கூட்டம். முன்னால் நின்ற பெண்ணின் தோளுக்கு மேலாகத் தீபாராதனை தெரிந்தது. பவளம் கை கூப்பினாள். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

“இவரக் கூட்டிக்கோ சாமி. போதும்.”

சத்தமாகக்கூட வரவில்லை. ஆனால் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். பவளத்தின் கை தன் கழுத்துக்குப் போய், பாதியில் நின்றது. படி இறங்கினாள். அவர் படுவது போதும் என்று கேட்டேனா, நான் படுவது போதும் என்று கேட்டேனா? ஒவ்வொரு படியிலும் அவளுக்கு ஒரு பதில் வந்தது. அடுத்த படியில் அது மாறியது.

வீட்டில் திருநீறு பூசிவிட்டாள். அவர் கேட்டார்.

“என்ன கேட்ட?”

“எப்பவும் கேக்குறதுதான்.”

அந்த வாரமே அது நடந்தது. மத்தியானம். முனிலட்சுமி கொடுத்தனுப்பிய ராகிக் கூழைக் கரைத்து அவள் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் நன்றாகத்தான் இறங்கியது. மூன்றாவது புரையேறியது. வழக்கமாக வருகிற இருமல் வரவில்லை. சத்தமே இல்லை. முகம் கருத்தது, கண்கள் பிதுங்கின, நெஞ்சு மேலே ஏறி அங்கேயே நின்றது.

பவளம் கூழ்க் கிண்ணத்தோடு நின்றாள்.

கேட்டுருச்சு என்று நினைத்தாள். சாமிக்குக் கேட்டுருச்சு. பயம் குளிர்ந்த தண்ணீர்போல இறங்கியது. அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது. தலையிலிருந்த சுமையை யாரோ கைகொடுத்து இறக்குகிற மாதிரி ஒரு லேசு. அந்த லேசை அவள் நன்றாக உணர்ந்தாள். உணர்ந்தபடியே நின்றாள்.

அவர் கண்கள் அவளைப் பார்த்தன.

கிண்ணம் எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. அவரை இழுத்து முன்னால் சாய்த்து முதுகில் அறைந்தாள். வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். மறுபடி அறைந்தாள். “ஏங்க, ஏங்க” என்று கத்தியதில் முனிலட்சுமி ஓடிவந்தாள். இருவருமாகப் பிடித்துக் குப்புறச் சாய்த்து அடித்ததில் கூழ் வெளியே வந்தது. பிறகு ஒரு மூச்சு, விசில் அடிப்பதுபோல. பிறகு இன்னொன்று.

“எமன் கையிலேந்து பிடுங்கிட்டியேம்மா” என்று முனிலட்சுமி அவளைக் கட்டிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அதைச் சொல்லிவிட்டாள். பூ விற்கிறவள்கூட வாசலில் நின்று, “உன்னாட்டம் பொண்டாட்டி கெடைக்க அவரு குடுத்து வச்சிருக்கணும்” என்றாள். பவளம் பூவை வாங்காமல் உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு விளக்கேற்ற அவளுக்குக் கை வரவில்லை. தீட்டு என்றாள் முதலில். பிறகு எண்ணெய் தீர்ந்துபோச்சு என்றாள். திங்கட்கிழமை வந்தது. மழை என்றாள். அடுத்த திங்கள் முட்டி வலி என்றாள். அந்தச் சாமி முன்னால் போய் நின்று எதைக் கேட்பது? கேட்டதை வேண்டாம் என்று திருப்பிக் கேட்டால் அதுவும் பொய். வேண்டும் என்றால் அதைவிட மோசம். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு தடவை தன் வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

சம்புடத்தில் திருநீறு தீர்ந்தது. அவர் காலையில் நெற்றியைக் காட்டினார். அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. வெந்நீர் அடுப்பிலிருந்து சாம்பலை எடுத்துச் சேலைத் துணியில் சலித்துச் சம்புடத்தில் போட்டு, அதைப் பூசினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கு விரிந்தது. கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார்.

“இது அடுப்புச் சாம்பல்.”

விளங்கவில்லை என்று சொல்லத் தோன்றியது. இந்தத் தடவை அவளால் முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“நான் கோயிலுக்குப் போகல. போக முடியல. கார்த்திகைச் சோமவாரத்துல போயி உங்களக் கூட்டிக்கச் சொல்லிட்டேன். என் வாயால கேட்டுட்டேங்க. அந்த வாரமே உங்களுக்கு அப்படி ஆச்சு.”

அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுத்தைத் திருப்புவதே அவருக்குப் பெரிய வேலை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பினார். அது முடியும்வரை அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அன்றும் அதற்கடுத்த நாட்களும் அவர் பேசவில்லை. ஊட்டினால் வாயைத் திறந்தார், துடைத்தால் கையைக் கொடுத்தார். கேட்டால் கண்ணை மூடிக்கொண்டார். இது நியாயம்தான் என்று பவளம் நினைத்தாள். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். அதற்கும் அவர் மனம் ஒப்பவில்லை போலும். முனிலட்சுமி என்னவோ நடந்திருக்கிறதென்று மோப்பம் பிடித்து, “சண்டையாம்மா?” என்றாள். “அவரு எங்கக்கா சண்ட போடுவாரு” என்று சொல்லிப் பவளம் அழுதாள்.

பிறகு ஒரு காலையில் அவர் வாயைத் திறந்தார். “ஆஞ்சப்பனக் கூப்பிடு.”

ஊரில் அவருடைய அண்ணன் இருக்கிறார். தன்னை அங்கே கொண்டுபோய் விடச்சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணினாள். அதையும் அவள்தான் ஆஞ்சப்பனுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். ‘என்னை இவளிடமிருந்து கூட்டிக்கொண்டு போ’ என்று அவர் சொன்னால், அதை அவள் தன் வாயாலேயே சொல்லவேண்டும். ஒரு சொல்கூட மாற்றக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஆஞ்சப்பன் ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கறையோடு வந்து நின்றான். ரத்தினவேல் மெதுவாகச் சொன்னார். அவள் காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டாள். நிமிர்ந்தபோது அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

“என்னாக்கா சொல்றாரு?”

“மலைக்குப் போகணுமாம்.”

“மலைக்கா? எப்பிடிண்ணா? படில உன்ன எப்பிடி ஏத்துறது?” ஆஞ்சப்பன் தலையைச் சொறிந்தான். பிறகு கட்டிலையும் அவரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். வேலை தெரிந்தவன் சாமானைப் பார்க்கிற பார்வை. “சரி, ஒரு நாற்காலி குடுங்க” என்றான்.

இரும்பு நாற்காலியின் இரு பக்கமும் நீளமாகப் பைப் வைத்து வெல்டிங் செய்து, தலை சாய முதுகைத் தகடு போட்டு உயர்த்தி, இடுப்புக்குப் பெல்ட் வைத்துக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி ஆட்கள் மூன்று பேர் அவனோடு வந்தார்கள். சாமியைப் பல்லக்கில் தூக்குவதுபோல நான்கு பேரும் தோளில் வைத்தபோது ரத்தினவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியாத அந்தச் சிரிப்பு. முதலில் எல்லோரும் திகைத்தார்கள். பிறகு ஆஞ்சப்பனும் சிரித்தான். “ஏய், சிரிக்காதீங்கப்பா, ஆட்டுது” என்று பின்னால் தூக்கியவன் கத்த, மலைப்படி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பின்னால் அர்ச்சனைத் தட்டோடு வந்த பவளம் மட்டும் சிரிக்கவில்லை.

பிராகாரத்தில் ஒரு தூண் ஓரம் நாற்காலியை இறக்கிவிட்டு, வியர்வை ஆறக் காற்றுவாங்க நான்கு பேரும் பாறைப்பக்கம் போனார்கள். கீழே ஏரியும் ரோட்டில் லாரிகளும் தெரிந்தன. அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். அவர் சொன்னார்.

“எனக்கு ஏன் கோவம் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரியாது.” மூச்சு வாங்கினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நேரம் பிடித்தது. “கூட்டிக்கச் சொன்னதுக்கு இல்ல. தனியாக் கேட்டியே. என்ன விட்டுட்டுப் போயி.”

அவள் இன்னும் பக்கத்தில் குனிந்தாள்.

“நானும் அதத்தான் கேட்டுட்டு இருக்கேன். விளக்கு முன்னால. ரொம்ப நாளா. நீ ஒடஞ்சிருவேன்னு சொல்லல. நானும் தனியாத்தான் கேட்டேன். அப்புறம் ஒனக்கு மட்டும் எதுக்குக் கோவப்பட்டேன்னு யோசிச்சேன். அதுக்குத்தான் அத்தன நாளாச்சு.”

விளக்கைப் பார்த்து அசைந்த அந்த உதடுகளை, தெளிந்த முகத்தை, அவள் எத்தனை நாள் பார்த்துத் தைரியம் வாங்கிக்கொண்டிருக்கிறாள்! பவளத்துக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. அப்படியானால் தினம் என் முன்னாலேயே உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார். கோபம் வந்த வேகத்திலேயே அடங்கியது. சொல்லாமல் வைத்திருந்த மற்றதும் அப்போது வெளியே வந்தது.

“இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்குப் புரையேறினப்ப நான் ஒடனே வரல. கிண்ணத்த வச்சிக்கிட்டு நின்னேன். விட்டுது சனியன்னு இல்லங்க, ஆனா... லேசா இருந்துச்சு. கொஞ்ச நேரம் லேசா இருந்துச்சு எனக்கு.”

“பாத்தேன்” என்றார் அவர்.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் விடவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று வந்தவர்போலப் பேசினார். “நீ நின்னப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. கூட்டிக்கோ கூட்டிக்கோன்னு கேட்டவன்தான். வந்து நின்னப்ப, வேணாம்னு தோணிருச்சு. இன்னும் கொஞ்சம் இருந்துக்கறேன்னு தோணிருச்சு.” நிறுத்திவிட்டு, “அப்புறம் அடிச்ச பாரு. முதுகு இன்னும் வலிக்குது” என்றார்.

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாள். சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

அந்தப் பக்கம் வந்த குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, “யார் பேருக்கு?” என்றார். அவள் ரத்தினவேல் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் முனகினார். குருக்கள் அவளைப் பார்த்தார்.

“என்ன சொல்றார்?”

“என் பேருக்குப் பண்ணச் சொல்றாரு” என்றாள் பவளம். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆஞ்சப்பனும் மற்றவர்களும் வந்து நாற்காலியைச் சன்னதி முன்னால் தூக்கிவைத்தார்கள். திரை விலகியது. அவள் அவர் கை இரண்டையும் எடுத்துச் சேர்த்துக் கூப்பிப் பிடித்துக்கொண்டாள். குனிந்து கேட்டாள்.

“இப்ப என்னங்க கேக்குறது?”

அவர் யோசித்தார். கற்பூரம் ஏற்றிவிட்டார்கள்.

“ஒண்ணும் கேக்காத. சும்மா நில்லு.”

நின்றார்கள். அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. வருமோ என்று பயந்தது வரவில்லை. மணிச்சத்தம் நின்றபிறகும் அவர் கைகளை விடாமல் பிடித்திருந்தாள்.

வீட்டில் மறுபடி விளக்கு எரிந்தது. முன்னால்போல அவர் மட்டும் பார்க்கவில்லை. அவளும் கட்டிலருகே பாய் போட்டு உட்கார்ந்தாள். சில நாள் கூட்டிக்கோ என்று இருவரும் சேர்ந்தே கேட்டார்கள். மூச்சு முட்டிய நாட்களில் அப்படி. முனிலட்சுமி கதை சொல்லி அவர் சிரித்த நாட்களில் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று கேட்டார்கள். எதைக் கேட்டாலும் அவர் முதலில் அவளிடம் சொன்னார், அவள் அவரிடம் சொன்னாள். கோபம் வந்தால் அவள் “இன்னிக்கு எனக்கு முடியல, கொஞ்சம் முரட்டுத்தனமாத்தான் இருப்பேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். “மெதுவா” என்று அவர் சொன்னால் புரிகிறது என்பாள். அதற்காக எல்லாம் இனித்தது என்றில்லை. ஒருநாள் அவர் மலத்தைத் துடைத்துக்கொண்டிருக்கையில் அவளுக்கு எல்லாவற்றின்மீதும் வெறுப்பு பொங்கியது. அதையும் சொன்னாள். “எனக்கும்தான்” என்றார் அவர்.

ஆடிக்காற்றில் நெஞ்சில் சளி கட்டியது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊரிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். ஒரு பிற்பகல், பால் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தபோது அவர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அவள் பஞ்சை வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை முதுகில் அடிக்க ஒன்றும் இல்லை. மூச்சு நீண்ட இடைவெளி விட்டு விட்டு வந்து, பிறகு வராமல் போனது. அவள் லேசாக உணரவில்லை. ஒன்றுமே உணரவில்லை.

சடங்குகள் முடிந்து அண்ணி ஊருக்குக் கூப்பிட்டாள். “தெய்வத்துக்குச் செய்யிற மாதிரிச் செஞ்சே, ஒன்னை நாங்க வச்சுப் பாத்துக்க மாட்டமா” என்றாள். செய்ததை எல்லாம் அவளிடமும் சொல்லிவிட்டால் என்ன என்று பவளத்துக்குத் தோன்றியது. சொல்லவில்லை. இது அவர்கள் இருவருக்குமானது. ஓசூரிலேயே இருந்துகொள்கிறேன் என்றாள்.

ஆஞ்சப்பன் சொல்லி ஒரு கம்பெனிக் கேண்டீனில் வேலை கிடைத்தது. சில மாதம் கழித்து, மத்தியானக் கூட்டம் ஓய்ந்தபின் தட்டில் சூடாகச் சோறு போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. யாருக்கும் ஊட்ட வேண்டியதில்லை. பாதித் தட்டு தீர்ந்தபோதுதான் அந்த லேசு வந்தது, அன்றைக்குக் கிண்ணத்தோடு நின்றபோது வந்த அதே லேசு. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முனிலட்சுமி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பவளம் பக்கத்தில் உட்கார்ந்து, கார்த்திகைச் சோமவாரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். முனிலட்சுமி உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

“அவருக்குத் தெரியுமா இது?”

“தெரியும். பாத்தேன்னாரு.”

“அப்புறம் என்னாம்மா?”

“தெரியலக்கா. அவருக்குச் சொன்னதும் கொஞ்சம் கொறஞ்சிச்சு. இப்ப அவரு இல்ல. மறுபடி வருது.”

முனிலட்சுமி தன் மடியைத் தட்டிவிட்டு எழுந்தாள். “நாளைக்குத் திங்கக்கெழம. நானும் வரேன் மேல” என்றாள்.